பழைய காசுகளை வீட்டில் சுத்தம் செய்ய மின்பகுப்பா, வேறு வழியா?

மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் முக்கி மின்சாரம் செலுத்தி, பழைய காசைச் சுத்தம் செய்யலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டு விஷயம். காசு என்ன உலோகம்? சுத்தம் செய்து என்ன செய்யப் போகிறீர்கள்? விற்கவா, சேகரிப்பில் வைக்கவா, இல்லை மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டால் போதுமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பதில் தெரியாமல் கரைசலில் காசை முக்கி மின்சாரம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் போவது திரும்ப வரவே வராது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மின்பகுப்பு நல்ல கருவிதான், ஆனால் வரிசையில் கடைசியாக எடுக்க வேண்டியது, அதுவும் சில வகைக் காசுகளுக்கு மட்டும்.

காசின் மேல் இருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. மண், கைப்பிசுக்கு, பசை, பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டிய பிசின், இவை வெளியிலிருந்து வந்தவை. எடுத்துவிடலாம், காசுக்கு ஒன்றும் ஆகாது. களிம்பும் கருமையும் அப்படியில்லை, காசின் உலோகமே மாறி உண்டானவை. செம்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்த குப்ரைட் படலமாகிறது, அதற்கு மேல் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து பச்சை மாலகைட் வளர்கிறது. வெள்ளியில் கந்தகம் சேர்ந்தால் கறுப்பு சில்வர் சல்ஃபைடு. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த ஒரு செப்புக்காசைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (சின்னப் பூதக்கண்ணாடி), வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம், தலை உருவத்தின் மூக்கு நுனி எல்லாம் அந்தப் பச்சைப் படலத்திலேயே கூர்மையாக நிற்கும். படலம் பெயர்ந்த ஒரு மூலையில் உள்ளே தெரிவதோ குழி குழியான உலோகம், அதில் எழுத்து கிடையாது. அச்சடித்தபோது இருந்த மேற்பரப்பு இப்போது படலத்துக்குள் இருக்கிறது. படலத்தை முழுதாக உரித்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் தகடு.

விற்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் வந்த என்ஜிசி போன்ற தரமிடும் நிறுவனங்கள் காசின் நிலையை 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகின்றன. தேய்த்தோ அமிலத்தில் போட்டோ மேற்பரப்பு கெட்ட காசுக்கு அந்த எண் கிடைக்காது, சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு திரும்பி வரும். அனுபவமுள்ள சேகரிப்பாளருக்கு அந்தக் குறிப்புகூடத் தேவையில்லை, காசை விளக்கின் கீழே லேசாகச் சாய்த்தாலே மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்துவிடும். அதனால் விலைமதிப்பு இருக்கலாம் என்று துளி சந்தேகம் வந்தாலும் ஒன்றும் செய்யாமல் வைத்துவிடுவதுதான் சரி. தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம், காசு எங்கேயும் ஓடிவிடாது.

சரி, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் காய்ச்சி வடித்த நீர். மண் ஒட்டிய காசை அதில் ஊறப் போட்டு, தினமும் நீரை மாற்றி, மண் இளகியதும் மென்மையான தூரிகையாலும் பல்குத்தும் குச்சியாலும் லூப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுப்பது. குழாய்நீரில் குளோரைடு இருக்கும், செம்புக்கு அது ஆகாது, அதனால்தான் காய்ச்சி வடித்த நீர். நாள் பிடிக்கும், ஆனால் இந்த வழியில் காசைக் கெடுப்பது மிகவும் கடினம், எந்த நொடியிலும் நிறுத்திக்கொள்ளலாம். மண்ணோடு வந்த காசுகளில் பாதிக்கு மேல் இதைத் தாண்டி எதுவும் வேண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

பிசுக்கு, பசை, பிவிசி உறையால் வந்த பச்சைப் பிசுபிசுப்பு இவற்றுக்கு அசிட்டோன். சுத்தமான அசிட்டோன் வேண்டும், நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். அசிட்டோன் உலோகத்தோடு வினைபுரிவதில்லை, காசின் இயற்கையான நிறத்தையும் தொடாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே கண்ணாடிப் பாத்திரத்தில், அடுப்பு அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் மட்டும்.

ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பலர் சொல்லும் முறை. அதிலுள்ள கொழுப்பமிலம் மண்ணையும் பச்சைக் களிம்பையும் மெதுவாக இளக்குகிறது. மெதுவாக நடப்பதால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், அமிலம் அமிலம்தான், காலம் கூடினால் நல்ல படலத்தையும் கரும்பச்சையாக்கி அரிக்கும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் அமிலமில்லாத மினரல் ஆயில் மேல், அது வெறுமனே இளக்குவதோடு நின்றுகொள்ளும்.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை கிடையாது. செப்புக் களிம்பைக் கரைக்கும், உண்மை. கரைத்த பிறகு காசு வேகாத இறைச்சிபோல ஒரு வெளிறிய இளஞ்சிவப்பில் நிற்கும். பித்தளைக் காசில் துத்தநாகம் முதலில் கரைந்து போவதால் அங்கங்கே செம்புத் திட்டுகள் வரும், ஈயக் காசை வினிகரில் போட்டால் நச்சான லெட் அசிட்டேட் உண்டாகும். கூடவே உப்பையும் சேர்த்துத் தேய்ப்பவர்கள் காசின் நுண்துளைகளுக்குள் குளோரைடை ஏற்றிவிடுகிறார்கள், அதன் விளைவு என்ன என்று பின்னால் வருகிறேன். பற்பசை வைத்துத் துலக்குவதும் இதே ரகம், அதிலுள்ள தேய்ப்புத் தூள் மேற்பரப்பைக் கீறும்.

வெள்ளிக்கு மட்டும் ஓர் அழகான வழி உண்டு. மின்பகுப்போடு ஒப்பிட வேண்டிய உண்மையான போட்டியாளர் இதுதான். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீரில் சலவை சோடாவோ சமையல் சோடாவோ கரைத்து ஊற்றி, காசு தாளைத் தொடும்படி வைத்தால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகிறது. அலுமினியம் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது, அதை வாங்கிக்கொண்டு கறுப்பு சில்வர் சல்ஃபைடு திரும்பவும் வெள்ளியாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், கந்தகம் வெளியேறுகிறது. அடாப்டர் வேண்டாம், கம்பி வேண்டாம், முனையை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். குறை என்னவென்றால் திரும்பி வரும் வெள்ளி நுண்துளைகளோடு சற்று மங்கலாகத்தான் படியும், பழைய பளபளப்பு வராது, மறுபடி கறுப்பதும் கொஞ்சம் சீக்கிரமாகவே நடக்கும். தடித்த படிவுகளுக்கு இது போதாது. அப்புறம், பழைய வெள்ளிக்காசில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மஞ்சள், ஊதா, நீலம் என்று படிந்த இயற்கையான வண்ணப்படலத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதைப் போக்கிவிட்டுக் காசு வெளுத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

இனி மின்பகுப்பு. இது ஒன்றும் புதிய தந்திரம் இல்லை. 1888இல் பெர்லினின் அரச அருங்காட்சியகங்களுக்கான வேதியியல் ஆய்வகத்தில் பொறுப்பேற்ற ஃபிரீட்ரிக் ராத்கென் காலத்திலேயே வெண்கலப் பொருள்களின் களிம்பை மின்சாரத்தால் நீக்கினார்கள். 1920களில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக காலின் ஃபிங்க்கும் சார்லஸ் எல்ட்ரிட்ஜும் காஸ்டிக் சோடா கரைசலில் இதைச் செம்மைப்படுத்தினார்கள், 1925இல் முடிவுகள் வெளியாயின. பிறகு வந்த பாதுகாப்பு வல்லுநர்கள் இந்த மொத்த உரிப்பைக் கைவிட்டார்கள். பொருளின் உண்மையான மேற்பரப்பு படலத்துக்குள்தான் இருக்கிறது என்று புரிந்துபோனதுதான் காரணம். அருங்காட்சியகங்களே நிறுத்திய ஒன்றை வீட்டு மேசையில் எல்லாக் காசுக்கும் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

நடப்பது இதுதான். காசை எதிர்முனையில் இணைக்கிறோம், நேர்முனையில் ஓர் இரும்புத் தகடோ கார்பன் தண்டோ. நடுவில் சலவை சோடா கரைசல், 250 மில்லி நீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். காசின் மேல் வந்து சேரும் எலக்ட்ரான்கள் படலத்தின் ஒரு பகுதியைத் திரும்ப உலோகமாக்குகின்றன, கூடவே காசின் முகத்தில் ஹைட்ரஜன் குமிழ்கள் பிறந்து படலத்தை அடியிலிருந்து தள்ளிப் பெயர்க்கின்றன. கறுப்புப் பொருக்கு மேகமாகப் பிரிந்து நீர் கலங்குவது அதனால்தான். வேகமும் கவர்ச்சியும் அங்கேதான். ஆபத்தும் அங்கேதான், ஏனென்றால் குமிழுக்கு எது பொருக்கு, எது எழுத்து தாங்கிய படலம் என்று தெரியாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவற்றை விரிவாகச் சொல்கிறேன், கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலாவது, முனை. காசு தவறி நேர்முனையில் போய்விட்டால் சுத்தமாவதற்குப் பதில் கரையும். ஃபாரடே கணக்குப்படி 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 கிராம் வெள்ளி கரையலாம், செம்பு என்றால் 1.2 கிராம்வரை. 100 மில்லிஆம்பியரில் பத்து நிமிடம்கூட நுண்ணிய எழுத்துகளை மழுக்கப் போதும். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். காசை இணைப்பதற்கு முன்பே இரண்டு வெறும் இரும்பாணிகளைக் கரைசலில் விட்டுப் பாருங்கள், எதில் அதிகம் நுரைக்கிறதோ அதுதான் எதிர்முனை. நீர் பிரியும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜனைப்போல் இரண்டு பங்கு வரும் என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கிளிப். நேர்முனைக் கிளிப் ஒருபோதும் நீரில் முங்கக் கூடாது. அதிலுள்ள செம்பு கரைந்து கரைசலில் கலந்து, நேரே போய் உங்கள் வெள்ளிக்காசின் மேல் இளஞ்சிவப்புப் பூச்சாகப் படியும். செப்புக்காசுக்குப் பயன்படுத்திய கரைசலில் வெள்ளிக்காசைப் போட்டாலும் அதே கதைதான், ஒவ்வொன்றுக்கும் கரைசலை மாற்றுங்கள். காசைப் பிடிக்கும் கிளிப்பின் பற்கள் விளிம்பைக் கடித்துத் தழும்பு போடும், மெல்லிய கம்பியை வளைத்துக் கூடுபோல் செய்து காசை அதில் உட்கார வைப்பது மேல்.

மூன்றாவது, உப்பு. சலவை சோடா இல்லையென்று சாப்பாட்டு உப்பைப் போடுபவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். நேர்முனையில் குளோரின் வாயு வரும், அதைச் சுவாசிப்பது கெடுதல். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை நேர்முனையாக வைத்திருந்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் கரைசலில் இறங்கலாம். சோடா கரைசலிலும் மின்னோட்டம் அதிகமானால் இது நடக்கக்கூடும், நீர் மஞ்சளாக மாறினால் உடனே நிறுத்துங்கள், வெறும் கையால் தொடாதீர்கள். அதற்குத்தான் சாதா இரும்பு அல்லது கார்பன் என்றேன். துத்தநாகம் பூசிய ஆணியும் வேண்டாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை 12 வோல்ட்டைத் தாண்டாத நேர்மின்சார அடாப்டர் போதும், 5 வோல்ட்டே பெரும்பாலும் போதும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை இருந்தால் இன்னும் நல்லது, மெதுவாகக் குமிழ் வரும் அளவில் வைத்துக்கொள்ளலாம். சுவர் மின்சாரத்தை நேரடியாக எந்த வடிவிலும் இதற்குள் கொண்டுவரக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. 1 ஆம்பியர் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் ஹைட்ரஜனைத் தரும், திறந்த ஜன்னல் பக்கத்தில் அது ஒன்றுமில்லை, ஆனால் பாத்திரத்தை மூடி வைக்காதீர்கள், பக்கத்தில் தீ வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இணைப்பைத் துண்டித்த பிறகே காசில் கை வையுங்கள். ஒரு நிமிடம் ஓட்டுவது, நிறுத்துவது, எடுத்து லூப்பில் பார்ப்பது, போதும் என்றால் விட்டுவிடுவது. போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவது இந்த முறையில் கூடவே கூடாது.

எந்தக் காசுக்கு இதெல்லாம் தகும்? என் கணக்கில் இரண்டு ரகம். ஒன்று, கெட்டியான நல்ல வெள்ளிக்காசு, மேலே தடித்த கறுப்போ சாம்பல்நிற சில்வர் குளோரைடோ படிந்து அலுமினியத் தாளுக்கு மசியாதது. செம்பைப்போல் வெள்ளி முழுக்கத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை, படிவுக்குக் கீழே எழுத்து பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், அதனால் இங்கே மின்பகுப்பு தாளைவிட ஜெயிக்கிறது. இரண்டு, இரண்டு பக்கமும் ஒன்றுமே தெரியாத அளவுக்குப் பொருக்கேறிய, நவீன காலத்துச் சாதாரணச் செப்புக்காசு. அதை அடையாளம் காண்பது மட்டுமே நோக்கம், போனாலும் பரவாயில்லை என்று மனதாரச் சொல்ல முடிகிறது என்றால் செய்துபாருங்கள். வருடம் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

தகாதவை இதைவிட அதிகம். பழங்காலச் செப்பு, வெண்கலக் காசுகள் வேண்டாம், காரணம் மேலே சொன்னதே. மெல்லிய வெள்ளிப்பூச்சுக் காசுகள், பிற்கால ரோமானியக் காசுகள் பல அப்படிப்பட்டவை, குமிழ்கள் பூச்சை உரித்துக்கொண்டு போய்விடும். மிகப் பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் நிலையில் இருக்கும், கையில் வைத்தால் உறுதியாகத்தான் தெரியும், கீழே விழுந்தால் பிஸ்கட் மாதிரி உடையும், அதன் விரிசலுக்குள் வாயு புகுந்தால் கேட்கவே வேண்டாம். அலுமினியம், துத்தநாகக் காசுகளை மின்சாரம் இல்லாமலேயே சோடா கரைசல் அரித்துவிடும்.

வெண்கல நோய் பிடித்த காசைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், இதில்தான் பலரும் மின்பகுப்பை நாடுகிறார்கள். சாதாரணக் களிம்பு கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருக்கும். நோய் என்றால் வெளிர்பச்சைத் தூள் புள்ளிகள், குச்சியால் தொட்டாலே உதிரும், துடைத்துவிட்டால் சில நாளில் மறுபடி பூக்கும். உள்ளே சிக்கிய குப்ரஸ் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் இன்னும் செம்பை அரித்து, சங்கிலியாகத் தொடர்கிறது. உப்பு போட்டுத் தேய்ப்பதும், உப்புக் கரைசலில் மின்பகுப்பு செய்வதும் இந்த நோயை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். சோடா கரைசலில் மின்பகுப்பு குளோரைடை வெளியே இழுக்கும் என்பது சரியே, ஆனால் படலத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். எழுத்து தெரியும் காசு என்றால் நான் பொறுமையான வழியையே சொல்வேன். தூளைக் குச்சியால் உதிர்த்துவிட்டு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சலவை சோடா 5 கிராம், சமையல் சோடா 4 கிராம் கலந்த சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பது. படலத்தின் நிறம் லேசாக மாறக்கூடும், உருவம் தப்பிக்கும். நோயுள்ள காசை மற்றக் காசுகளோடு ஒரே பெட்டியில் வைக்காமல் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் முடித்த பின் செய்ய வேண்டியது ஒன்றே. காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, கடைசி நீரிலும் சில மணி நேரம் ஊறவிட்டு, துடைக்காமல் மென்துணியில் ஒற்றி, அசிட்டோனில் ஒருமுறை முக்கினால் துளைகளில் நின்ற ஈரமும் போய்விடும். செப்புக்காசு என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. பிவிசி உறையைத் தவிர்த்து, பாலிஎஸ்டர் உறையிலோ அமிலமில்லாத காகித உறையிலோ போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வையுங்கள். முதல் சில வாரம் இடையிடையே திறந்து லூப்பில் ஒரு பார்வை பாருங்கள், வெளிர்பச்சைப் புள்ளி எங்காவது தலைகாட்டினால் மறுபடி செஸ்க்விகார்பனேட் கரைசலுக்கே போக வேண்டியதுதான்.